பல்பு வாங்கப் போறீங்களா ஸார்?

மந்தமான ஆசாமியை 'டியூப்லைட்' என்று கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். ஸ்விட்சைப் போட்டதும் நாலு தரம் கண்ணடித்து, அரசாங்க ஃபைல் மாதிரி யோசித்து, அப்புறம்தான் எரியும் என்பதால்! இனி அப்படித் திட்ட முடியாது போலிருக்கிறது. விளக்குக்கே புத்தி வந்துவிட்டது. பெயரே ஸ்மார்ட் பல்பு. ஆபீஸில் உட்கார்ந்தபடி வீட்டு ஹால் விளக்கைப் போடலாம், அணைக்கலாம், ஊதாவாக்கலாம். ஊதாவாக்கி என்ன செய்வது என்று மட்டும் கேட்கக்கூடாது.

எங்கள் ஆபீஸில் கிரிக்கெட் இல்லாத வாரங்களில் இதுதான் பேச்சு. லஞ்ச் டயத்தில் யாராவது ஒருவர் செல்போனைத் தடவி, "பாரு மாப்ளே, இப்ப எங்க வீட்டு பெட்ரூம் பச்சை!" என்பார். அடுத்த நிமிஷம் வீட்டிலிருந்து போன் வரும். அந்தப் பக்கம் பேசுவது நமக்குக் கேட்காது. இந்தப் பக்கம் ஆள் சிவப்பாவது தெரியும்.

எங்கள் வீட்டில் ரெண்டு வருஷமாக ஏழு ஸ்மார்ட் பல்புகள். அந்த யோக்கியதையில்தான் எழுதுகிறேன்.

முதலில் சின்ன சரித்திரம். எல்.இ.டி. புது சமாச்சாரம் இல்லை. 1962-லேயே அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை எரிய வைத்துவிட்டார். நீலம்தான் முப்பது வருஷம் தண்ணி காட்டியது. ஜப்பானியர்கள் அகாசாகி, அமானோ, நகமுரா மூன்று பேரும் அதை மடக்கினார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை வெளிச்சம். இதற்கு 2014-ல் நோபல் பரிசு. அதற்கு ரெண்டு வருஷம் முன்பே, 2012 அக்டோபரில், பிலிப்ஸ் கம்பெனி 'ஹ்யூ' என்று போனில் அடங்கும் பல்பைக் கொண்டுவந்தது. மூன்று பல்பு, ஒரு பெட்டி, 199 டாலர். அந்தக் காசுக்கு நம் ஊரில் அன்றைக்கு ஃபேன், லைட் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கே மாட்டியிருக்கலாம். இங்கே 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்து, 36 கோடிக்கு மேல் சாதா எல்.இ.டி. பல்புகள் மலிவு விலையில் போனதில் விலை மளமளவென்று சரிந்தது. ஸ்மார்ட் பல்பும் பின்னாலேயே இறங்கிவிட்டது. இப்போது சாதா பல்பைப் போல ஐந்தாறு மடங்கு கொடுத்தால் ஒன்று கிடைக்கும்.

ரிச்சி தெருவில் ஒரு கடை. கடைக்காரர் டப்பாவை உடைப்பதற்குள், "ஒரு கோடியே அறுபது லட்சம் கலர் வரும் ஸார்!" என்றார்.

பொய் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 256 படி. 256-ஐ மூன்று தரம் பெருக்கினால் 1,67,77,216. ஆனால் ஒரு புடவைக் கடையில் நூறு கலரைப் பார்த்ததுமே நமக்குத் தலை சுற்றுகிறது. நான் ரெண்டு வருஷத்தில் உபயோகித்தது ரெண்டே ரெண்டு, மஞ்சள் கலந்த வெள்ளையும் பளிச் வெள்ளையும்தான். மிச்சமெல்லாம் முதல் வாரத்தோடு சரி. இன்னொரு ரகசியம்: கலரில் போட்டால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். நீல விளக்கில் கொத்தமல்லி எது, புதினா எது என்று தெரியாது. வீட்டில் நிரூபித்தாயிற்று.

ஆகவே கலரை விடுங்கள். டப்பாவின் முதுகைப் படியுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் வேண்டுமானால் 800 லூமன் போட்டிருக்க வேண்டும். 2700 கெல்வின் என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள், 6500 என்றால் டியூப்லைட் வெள்ளை. ஒரே பல்பு ரெண்டுக்கும் போய்வர வேண்டும். அதுதான் உருப்படியான வசதி. சாயங்காலத்துக்கு மேல் நீலம் தூக்கலான வெள்ளையில் உட்கார்ந்தால் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்கு பெட்ரூம் தானாக மஞ்சளுக்கு இறங்குவது நிஜமாகவே சுகம். பல்பின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். நம் வீட்டு ஹோல்டர்களில் பெரும்பாலும் ரெண்டு குமிழ் வைத்த பி-22. இறக்குமதி சரக்கில் பல திருகுமறை. 'ஆஃபர்' என்று ஆன்லைனில் நாலு வாங்கிவிட்டு, ஹோல்டருக்கு முன்னால் நிற்கும் பிரம்மச்சாரிகள் நம் ஊரில் அதிகம்.

அடுத்தது வைஃபை. பெரும்பாலான பல்புகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் காது கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸ் செவிடு. உங்கள் ரௌட்டர் ரெண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பினால், சில பல்புகள் முதல் நாளே அடம் பிடிக்கும். ரௌட்டர் மாற்றும்போது பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்டூல் போட்டு ஒவ்வொரு பல்பாகப் புதுசாக அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

நம் ஊர் கரண்டுக்கும் இந்தப் பல்புக்கும் ஜாதகப் பொருத்தம் கொஞ்சம் சுமார். பல பல்புகளில் மூன்று தரம் சட்சட்டென்று போட்டு அணைத்தால், 'சரி, பழசை மற' என்று அர்த்தம். இது யார் கண்டுபிடிப்போ, ஆடி மாசக் காற்று தெரியாத ஊர்க்காரராக இருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போய், வந்து, போய், வந்து, போய், வந்ததில் எங்கள் பெட்ரூம் பல்பு எங்களையே மறந்துவிட்டு மினுக் மினுக்கென்று புது எஜமானரைத் தேட ஆரம்பித்தது. "ஏங்க... அதுக்கு என்னங்க ஆச்சு? வலிப்பா?" என்று எழுந்து உட்கார்ந்தாள் மனைவி. அமெரிக்காவில் இதைவிட வேடிக்கை. 2019-ல் ஜி.இ. பெயரில் வந்த பல்புக்கு ஒரு விளக்கப் படம் போட்டார்கள். எட்டு செகண்ட் போடு, ரெண்டு செகண்ட் அணை... இப்படி ஐந்து தரம். உலகமே சிரித்தது. அவர்கள் பாடுபட்டுச் செய்வதை நமக்கு இ.பி.க்காரர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள்.

சிரிப்பெல்லாம் இவ்வளவுதான். இனி சொல்லப்போவது அப்பா விஷயம்.

அப்பாவுக்கு எழுபத்து நாலு. தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம். ஆளில்லாத அறையில் விளக்கு எரிவது அவர் அகராதியில் கிரிமினல் குற்றம். ராத்திரி பத்து மணிக்கு வீடு முழுக்க ஒரு ரவுண்டு வந்து, எல்லா ஸ்விட்சையும் 'டக் டக்' என்று அணைத்துவிட்டுத்தான் படுப்பார். ஸ்மார்ட் பல்பின் ஆதாரக் கோளாறே இங்கேதான். அதன் மூளை பல்புக்குள் இருக்கிறது. சுவர் ஸ்விட்சை அணைத்தால் மூளைக்கும் கரண்ட் கிடையாது. போன், சென்சார், அட்டவணை எல்லாம் அவுட். ஸ்மார்ட் பல்பு ஸ்மார்ட்டாக இருக்க, சுவர் ஸ்விட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். பரம்பரை பரம்பரையாக ஸ்விட்சை அணைத்துப் பழகிய ஒரு தேசத்திடம் போய் அதை எப்படிச் சொல்வது?

பாத்ரூம் போகிற வழியில் ஒரு பல்பு. ஆள் நடமாடினால் மெல்லிசாக எரியும்படி சென்சார். போன மார்கழியில் ஒரு ராத்திரி, ரெண்டு மணி. அப்பா எழுந்து வந்தார். சென்சார் 'எரி' என்றது. பல்பு செத்துக் கிடந்தது, பத்து மணி ரவுண்டில் ஸ்விட்ச் அணைந்திருந்தது. பேரனின் பொம்மைக் கார் காலடியில். சத்தம் கேட்டு நான் ஓடியபோது அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்தாற்போல இருந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருந்தது. மூன்று வாரம் கட்டு.

மறுநாள் கட்டோடு ஹாலில் உட்கார்ந்து கேட்டார்: "ஏண்டா, ஸ்விட்சைப் போட்டா எரியணும். அணைச்சா அணையணும். இதுல என்னடா கஷ்டம்?"

எம்.எஸ்ஸி. பிஸிக்ஸ் படித்த எனக்கு அதற்குப் பதில் இல்லை. கொஞ்சம் கழித்து இன்னொரு கேள்வி போட்டார். "போன்ல அணைச்சப்புறமும் அது கரண்ட் சாப்பிடுமா?"

சாப்பிடும். போன் எப்போது கூப்பிடுமோ என்று விழித்தே இருப்பதற்கு ஒவ்வொன்றும் அரை வாட் வரை. ஏழு பல்புக்கு மூன்றரை வாட். இருபத்து நாலு மணி நேரம், முப்பது நாள், இரண்டரை யூனிட். ஒன்பது வாட் பல்பு ஒன்று தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் மாசத்துக்கு 1.62 யூனிட்தான். அதாவது, தூங்குகிற ஏழு பேர் சாப்பிடுவது உழைக்கிற ஒருவன் சாப்பிடுவதைவிட அதிகம். அப்பா எதுவும் சொல்லவில்லை. "எங்க ஆபீஸ் மாதிரியே" என்று மட்டும் சொன்னார்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். "மூளையை பல்புல வைக்காதீங்க ஸார், ஸ்விட்ச் போர்டுல வைங்க" என்றார். தீப்பெட்டி சைஸில் ஒரு ரிலே சமாச்சாரம், போர்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. சுவர் ஸ்விட்ச் பழையபடி வேலை செய்யும், போனும் வேலை செய்யும். ரெண்டுக்கும் சண்டை கிடையாது. மேலே சாதா பல்பே போதும். ஃபேனையும் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். அமெரிக்காவில் பழைய வீட்டுக்காரர்கள் ஸ்விட்ச் பெட்டியில் அது இல்லாமல் அவதிப்படுகிறார்கள். நம் போர்டுகளில் அநேகமாகப் பக்கத்திலேயே ஒரு ப்ளக் பாயின்ட் இருப்பதால் நியூட்ரலும் தயாராக இருக்கிறது. இதை நீங்களே டெஸ்டரை வைத்துக்கொண்டு முயற்சிக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, தெரிந்தவர் செய்யட்டும்.

பாத்ரூம் வழிக்கு அதுகூட வேண்டாம் என்று முடிவு செய்தேன். ப்ளக்கில் சொருகும் சின்ன நைட் லாம்ப், தனக்குள்ளேயே சென்சார். வைஃபை தெரியாது, ஆப் கிடையாது, அப்டேட் கேட்காது. சில நூறு ரூபாய். அறுபது வயசுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம், இருபது வயசுக் கண்ணில் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். ஊதா கலர் அப்புறம்.

அம்மா இந்தச் சண்டையில் சேரவில்லை. அவளுக்குப் பேசும் பெட்டியோடு வேறு தகராறு. எங்கள் வீட்டுப் பெட்டிக்கு இங்கிலீஷ், இந்திதான். அம்மா 'விளக்கை அணை' என்று தமிழிலேயே சொல்லமாட்டாள், அபசகுனம். 'அமர்த்து' என்பாள், 'குளிர வை' என்பாள். 'டர்ன் ஆஃப்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்க் கையால் அமர்த்தினாள்.

ஜாக்கிரதை விஷயம் ரெண்டு. 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் (ஆர்.எஸ்.ஏ. ரகசியக் குறியீட்டில் 'எஸ்' ஆன அதி ஷமீரும் அதில் ஒருவர்) ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டு, 350 மீட்டர் தூரத்திலிருந்தே ஒரு கட்டடத்தின் ஹ்யூ பல்புகளைத் தங்கள் வசமாக்கிக் காட்டினார்கள். கம்பெனி அந்த ஓட்டையை அப்போதே அடைத்துவிட்டது. ஆகவே அப்டேட்டே வராத அநாமதேயச் சரக்கை வாங்காதீர்கள். நீங்கள் எப்போது வீட்டில் இருக்கிறீர்கள் என்பது அந்தப் பல்புக்குத் தெரியும். இரண்டாவது, கம்பெனியே மூடிவிட்டால்? 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை அணைத்துவிட்டது. போனில் விளக்கைப் போட்டுப் பழகியவர்கள் திகைத்துப் போனார்கள். ஜூனில் அதன் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் 'மேட்டர்' என்று பல கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொது மொழி கொண்டுவந்தன. இன்டர்நெட் படுத்தாலும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ஏழில் இப்போது மூன்றுதான் மிச்சம். பெட்ரூமில் ஒன்று, பையன் படிக்கிற மேஜை மேல் ஒன்று, வாசலில் ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வாசல் விளக்கு தினம் ஒரு நேரத்தில் எரிந்து, ஆள் இருப்பதுபோல் நடிக்கும். மற்ற நாலையும் ஆபீஸ் நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்குமுன் என் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுத்தேன், இல்லாவிட்டால் அவர் வீட்டு பெட்ரூம் என் கையில்!

வாடகை வீட்டுக்காரர்கள் ஸ்மார்ட் பல்பு மாட்டும்போது, கழற்றிய பழைய பல்புகளைப் பரண்மேல் பத்திரமாக வையுங்கள். காலி செய்கிற அன்று ஹவுஸ் ஓனர் எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். அவர் எப்போதுமே ஸ்மார்ட்.