கார் பந்தயமும் ஸ்கேனர் வானொலியும்



கார் பந்தயம் என்றால் நம் இளைஞர்களுக்குத் தனி ஆர்வம். பந்தயம் பார்ப்பதோடு நில்லாமல், ஓட்டுநரும் அவருடைய குழுவினரும் வானொலியில் பேசிக்கொள்வதையும் கேட்க வேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். அதற்காக 'ஸ்கேனர்' என்னும் கருவியை வாங்க நினைக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? எதைப் பார்த்து வாங்குவது? எங்கே பயன்படும், எங்கே பயன்படாது? பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் வீட்டுப் பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாம் ஒரு நிலையத்தில் வைத்தால் அங்கேயே நிற்கும். ஸ்கேனர் அப்படியல்ல. நாம் பதிந்து வைத்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாக விரைந்து சோதிக்கும். பேச்சு கேட்கும் இடத்தில் நிற்கும். பேச்சு முடிந்ததும் நகரும். பிரட்டில் கிராணி வரிசையாகப் பெயர்களை அழைத்து, பதில் வந்த இடத்தில் அடையாளம் போடுவது போன்றதுதான் இது. ஸ்கேனரில் கேட்கலாம், பேச முடியாது.

இந்தக் கருவி பெயர் பெற்றது அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில். ஏறக்குறைய 40 வண்டிகள் நெருக்கியடித்து ஓடும்போது, பக்கத்தில் வரும் வண்டி ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் படாது. ஆகவே, உயரமான இடத்தில் 'ஸ்பாட்டர்' என்னும் ஒருவர் நின்று, "உள்பக்கம் வண்டி இருக்கிறது, இப்போது இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தப் பேச்சை ரசிகர்கள் கேட்பது அங்கே நெடுநாள் வழக்கம். திடலிலேயே கருவியை வாடகைக்கும் எடுக்கலாம்.

அங்கே செல்பவர் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அலை எல்லை. நாஸ்கார் குழுக்கள் பெரும்பாலும் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைப் பயன்படுத்துகின்றன. கருவி அந்தப் பகுதியைக் கேட்க வேண்டும். அதற்கு ஏரியல் கம்பி 16 சென்டிமீட்டர் இருந்தால் போதும். நீளம் கூடினால் நன்றாகக் கேட்கும் என்பதில்லை.

இரண்டாவது, கருவியின் வயது. 2013 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் இந்தப் பகுதியில் ஒவ்வோர் அலைவரிசையின் அகலமும் 12.5 கிலோஹெர்ட்ஸாகக் குறுக்கப்பட்டது. அதற்கு முந்திய பழைய கருவியை மலிவாக வாங்கினால் குரல் மெலிந்து கேட்கும்.

மூன்றாவது, நினைவிடம். 40 வண்டிகளுக்கும் அதிகாரிகளுக்கும் சேர்த்து 100 இடங்கள் போதும். யூனிடன் நிறுவனத்தின் பிசி125ஏடி போன்ற கையடக்கக் கருவியில் 500 இடங்கள் உண்டு. 24-ஆம் எண் வண்டியை 24-ஆம் இடத்தில் பதிந்தால் தேட வேண்டியதில்லை.

நான்காவது, காது மூடி. பந்தயத் திடலில் ஓசை 100 டெசிபலை எட்டுவதுண்டு. 85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்றால், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் கணக்கு. காதுக்குள் செருகும் சாதாரண ஒலிப்பானைப் போட்டால், இரைச்சலை வெல்லச் சத்தத்தைக் கூட்டுவோம், கேடு இரட்டிப்பாகும். காதை முழுவதும் மூடி இரைச்சலைத் தடுக்கும் வகையே வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. சிங்கப்பூரில் 2008-இல் தொடங்கியது. 2013-இல் சிப்பாங்கில், முன்னே சென்ற வெப்பரை முந்த வேண்டாம் என்று 'மல்ட்டி 21' என்னும் குறிச்சொல்லால் வெட்டலுக்குச் சொல்லப்பட்டது. அவர் கேளாமல் முந்தி வென்றார். குழுத் தலைவர் வானொலியில் கடிந்துகொண்டதை உலகம் கேட்டது. ஆனால், கேட்டது தொலைக்காட்சி வழியாக. ஃபார்முலா ஒன் குழுக்களின் பேச்சு குறியீட்டால் பூட்டப்பட்டது. எவ்வளவு விலை கொடுத்து ஸ்கேனர் வாங்கினாலும் அந்தப் பூட்டைத் திறக்காது. சிப்பாங்கில் நடக்கும் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயத்திலோ, குழுவினர் பலகையில் எழுதிக் காட்டுவதே வழக்கம்.

சட்டமும் உண்டு. மலேசியாவின் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு, பிறருடைய தகவல் தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் வழக்கமாக இருப்பது இங்கே வழக்காக முடியக்கூடும்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை ஸ்கேனர் கேட்டால், எந்தப் பந்தயத்துக்கு என்று முதலில் கேளுங்கள். நம் நாட்டுத் திடலுக்கு என்றால், அந்தப் பணத்தில் நல்ல காது மூடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். பந்தயம் முடிந்த பிறகு, புல்வெட்டும் இயந்திரத்தோடு செம்பனைத் தோட்டத்தில் நிற்கும்போதும் அது உதவும். போன செவித்திறன் திரும்பி வராது.