வாசல்படி நிம்மதி

மன நிம்மதி வேண்டுமா, கண்ணை மூடி நல்லதையே நினையுங்கள் என்பார்கள். வடசென்னை எண்ணூரில் கண்ணை மூடினால் மூக்கு விழித்துக்கொள்ளும். எம்.எஸ்.உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ படித்து நிமிர்ந்த தலைமுறை உண்டு. வேதாத்திரி மகரிஷியின் ‘வாழ்க வளமுடன்’ இன்றைக்கும் பலரைத் தாங்குகிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் வடசென்னைக்காரர்களைத் தாங்குவது பக்கத்து வீடு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் பிசுக்கேறிப் போயின. அதே மாதம் 26ஆம் தேதி, சுனாமியின் 19ஆம் நினைவு நாளன்று, நள்ளிரவை நெருங்கும்போது கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, ஒருவரை ஒருவர் தட்டி எழுப்பிக்கொண்டு பெரியகுப்பத்து மக்கள் ஓடினார்கள். பக்கத்து வீட்டில் யார் யார் படுத்திருக்கிறார்கள், யாருக்கு நடக்க முடியாது என்பது தெரிந்திருந்தால்தான் அப்படி எழுப்ப முடியும்.

காசிமேடு மீன் ஏலத்துக்கு விடியும் முன்னே போய்ப் பாருங்கள். ஏலத்தில் ஒரு கூடையைத் தனியாக எடுக்கக் கையில் காசிருக்காது. நாலைந்து பெண்கள் சேர்ந்து எடுத்து, தரையிலேயே கூறு போடுவார்கள். “இன்னாக்கா, மூஞ்சி வாடிக் கீது?” என்று கேட்டபடியே ஒருத்தி தன் கூறிலிருந்து இரண்டு மீனை எதிர்க்கூறுக்குத் தள்ளிவிடுவாள். கேள்விக்குப் பதில் வராவிட்டாலும் மீன் போய்ச் சேர்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பெரிவதும் இப்படிப்பட்ட கைமாத்திலும் சீட்டிலும்தான்.

பட்டினத்தார் எல்லாவற்றையும் உதறிவிட்டு அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. அவருக்குச் சரி. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு உதற முடியாது, நாலு பேரோடு பகிரத்தான் முடியும்.

பகிர அந்த நாலு பேர் பக்கத்தில் இருக்க வேண்டுமே, என் கவலை இங்கேதான். கடலரிப்பு, சாலை, சுனாமி என்று ஏதோ ஒரு காரணத்துக்காகக் குப்பத்துக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போகின்றன. எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு நாம் பார்த்ததுதான். ஒழுகாத கூரை, தனிக் கழிப்பறை எல்லாம் தேவைதான். ஆனால் மாற்று வீடென்றாலே பெரும்பாலும் குலுக்கல் சீட்டு. முப்பது வருடம் எதிர்வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றவள் வேறு பிளாக்கின் நாலாவது மாடிக்குப் போய்விடுகிறாள். முட்டி வலிக்காரியால் அங்கே ஏற முடியுமா? கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்ப்பதுதான் மிச்சம். அப்புறம் அதே ஜனங்களுக்கு மன அழுத்தம் பற்றி முகாம் போடுகிறோம்!

பேச ஆளில்லாதவர்களுக்கு டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தயங்காமல் அழையுங்கள். வீடு ஒதுக்குபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: குலுக்குவதானால் தெருத் தெருவாகக் குலுக்குங்கள். ஒரே தெருக்காரர்களுக்கு ஒரே தளத்தில் வீடு கொடுங்கள்.