முதுமை மட்டுமன்று, மூட்டுவலி

"வயதாகிவிட்டது, அதனால்தான் படியேற மறுக்கிறது" என்று மதுக்கரைப் பகுதியிலிருந்து முதிய நாயை அழைத்து வருவோர் பலர் எங்களிடம் கூறுவதுண்டு. படியேறத் தயங்குவதற்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்வின் வலியே காரணம். வலியால் நாய் கத்துவது அரிது. எழும்போது தடுமாறுதல், ஒரே மூட்டை ஓயாமல் நக்குதல், தொட்டால் உறுமுதல் ஆகியவையே அறிகுறிகள்.

முதல் மருந்து எடைக் குறைப்பு. 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுதும் கவனித்து 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஆகவே, தட்டில் மிஞ்சும் சோற்றையும் பிஸ்கட்டையும் நிறுத்துங்கள்.

வழுக்கும் டைல்ஸ் தரையில் மிதியடியோ சாக்கோ விரியுங்கள். ஆடிக்காற்றிலும் மார்கழிக் குளிரிலும் வாசலில் படுக்க விடாமல், உள்ளே தடித்த மெத்தை அமைத்துக் கொடுங்கள். ஒரே நீண்ட நடைக்குப் பதிலாக இரண்டு மூன்று குறுநடைகள் போதும்.

வீட்டிலுள்ள வலி மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் கல்லீரலையும், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை குடலையும் சிறுநீரகத்தையும் சிதைத்து உயிரைப் பறிக்கக்கூடும். நாய்களுக்கென உள்ள வலிநிவாரணியை, இரத்தப் பரிசோதனை செய்தபின், எடைக்கேற்ற அளவில் நாங்கள் பரிந்துரைப்போம்.

இத்தனை ஆண்டுகள் உங்கள் வாசலைக் காத்த உயிர், இனி வலியின்றி எழுந்து நடக்கட்டும்.