சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கான வால்வு அமைப்பு மேம்பாடு

சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கான வால்வு அமைப்பு மேம்பாடு என்பது, காற்றை அழுத்தி ஊட்டும் கருவி பொருத்தப்பட்ட கார் எஞ்சினில் கூடும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும்படி கேம்ஷாஃப்ட், வால்வு ஸ்பிரிங், வால்வு, புஷ்ராடு, ராக்கர் ஆர்ம் முதலிய பாகங்களைத் தேர்ந்தெடுத்து மாற்றுவதாகும்.

சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலால் மட்டுமே காற்றை உள்ளே இழுக்கிறது. அதில் வால்வு எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறந்திருக்கிறதோ அதைப் பொறுத்தே திறன் அமையும். எனவே பெரிய கேம்ஷாஃப்ட் அங்கே பயன் தருகிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சினிலோ காற்றை உள்ளே கொண்டுவரும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. வால்வு அமைப்பு செய்ய வேண்டியவை வேறு மூன்று: உள்ளே வந்த காற்றை வீணாக்காமல் அடைத்து வைத்தல், எரிந்த வாயுவைத் தடையின்றி வெளியேற்றுதல், இவ்வளவையும் உடையாமல் செய்தல். முதல் வகை எஞ்சினுக்குரிய பாகங்களை இரண்டாம் வகையில் அப்படியே பொருத்துவதுதான் இத்துறையில் அதிகம் நடக்கும் தவறு. பணம் வீணாவது ஒருபுறம். வால்வு ஒன்று முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன், சிலிண்டர் ஹெட், சில வேளை முழு எஞ்சினுமே போய்விடும்.

எடுத்துக்காட்டு: எல்எஸ்3, எல்எஸ்9

இதை விளக்க அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இரு எஞ்சின்கள் நன்கு பயன்படுகின்றன. இரண்டும் 6.2 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 எஞ்சின்கள். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 103.25 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 92 மி.மீ. எல்எஸ்3 சூப்பர்சார்ஜர் இல்லாதது. 2008ஆம் ஆண்டு மாதிரி கார்வெட் காரில் 430 குதிரைத்திறனுடன் வந்தது. எல்எஸ்9, ஈட்டன் நிறுவனத்தின் சுழலி வகை சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டு மாதிரி கார்வெட் இசட்ஆர்1 காரில் 638 குதிரைத்திறனுடன் வந்தது. அதன் உச்ச பூஸ்ட், அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஊட்டப்படும் கூடுதல் அழுத்தம், சுமார் 0.72 பார்.

எல்எஸ்3 வைத்திருப்பவர்கள் பலர் பின்னாளில் சூப்பர்சார்ஜர் பொருத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு எல்எஸ்9 ஒரு விடைத்தாள் போன்றது. தொழிற்சாலைப் பொறியாளர்களே அதே அளவு எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜரைப் பொருத்தியபோது எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்பதை அதில் காணலாம்.

கேம்ஷாஃப்ட்

கேம்ஷாஃப்டை விவரிக்க மூன்று அளவுகள் போதும். வால்வு திறக்கும் உயரம் லிஃப்ட் எனப்படும். வால்வு திறந்திருக்கும் காலத்தைக் கிராங்ஷாஃப்ட் சுழலும் பாகைகளில் கூறுவது டியூரேஷன். இன்லெட் கேம் முகட்டுக்கும் எக்ஸாஸ்ட் கேம் முகட்டுக்கும் இடையிலுள்ள கோணம் முகட்டிடைக் கோணம். (இன்லெட் வால்வு காற்றை உள்ளே விடுவது, எக்ஸாஸ்ட் வால்வு எரிந்த வாயுவை வெளியே விடுவது.)

டேப்பட் 1.27 மி.மீ. உயர்ந்த நிலையிலிருந்து அளக்கும் வழக்கப்படி எல்எஸ்3-இன் டியூரேஷன் இன்லெட்டுக்கு 204 பாகை, எக்ஸாஸ்ட்டுக்கு 211 பாகை, முகட்டிடைக் கோணம் 117 பாகை. எல்எஸ்9-இல் இவை முறையே 211, 230, 122.5. இன்லெட் லிஃப்ட் இரண்டிலும் 14 மி.மீ.க்குச் சற்றே மேலும் கீழுமாகத்தான் இருக்கிறது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்லெட் பக்கம் 7 பாகை மட்டுமே கூடியிருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கமோ 19 பாகை கூடியிருக்கிறது. உள்ளே வரும் காற்றைத் தள்ளிவிட ஆள் இருக்கிறது. வெளியேறும் வாயுவுக்குத் துணை இல்லை. ஒரே அளவு சிலிண்டரில் அதிக எரிபொருள் எரிவதால் வாயுவும் அதிகம். எனவே எக்ஸாஸ்ட் வால்வு சற்று முன்னதாகத் திறந்து நீண்ட நேரம் திறந்திருக்கிறது.

அடுத்தது முகட்டிடைக் கோணம். எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் இந்தச் சிறு இடைவெளியை ஓவர்லாப் என்பர். சாதாரண எஞ்சினில் ஓரளவு ஓவர்லாப் நல்லது; வெளியேறும் வாயுவின் வேகமே புதுக் காற்றையும் இழுத்துவரும். சூப்பர்சார்ஜர் எஞ்சினில் இன்லெட் பக்கம் அழுத்தம் கூடுதல், எக்ஸாஸ்ட் பக்கம் குறைவு. இரு கதவுகளும் திறந்திருந்தால் அழுத்தி அனுப்பிய காற்று ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போய்விடும். அந்தக் காற்றை அழுத்தச் செலவான திறனும் வீண்.

இரு எஞ்சின்களின் எண்களையும் கொண்டு ஓவர்லாப்பைக் கணக்கிட்டால் ஓர் உண்மை தெரியும். இன்லெட், எக்ஸாஸ்ட் டியூரேஷன்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து முகட்டிடைக் கோணத்தின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். எல்எஸ்3-க்கு 207.5 − 234 = −26.5 பாகை, எல்எஸ்9-க்கு 220.5 − 245 = −24.5 பாகை. மொத்த டியூரேஷன் 26 பாகை கூடியும் ஓவர்லாப்பில் வேறுபாடு 2 பாகைதான். (1.27 மி.மீ. உயர்வில் அளப்பதால் விடை எதிர்க்குறியில் வருகிறது. வால்வு இருக்கையை விட்டு எழும் கணத்திலிருந்து அளந்தால் நேர்க்குறி வரும்.) நீண்ட எக்ஸாஸ்ட் காலத்தின் பயனைப் பெற்றுக்கொண்டு, அதனால் வரக்கூடிய கசிவை அகன்ற கோணத்தால் தடுத்திருக்கிறார்கள்.

எனவே கடையில் கேம்ஷாஃப்ட் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது லிஃப்ட்டை அன்று. எக்ஸாஸ்ட் டியூரேஷன் இன்லெட்டைவிட எவ்வளவு கூடுதல், முகட்டிடைக் கோணம் எவ்வளவு என்ற இரண்டையும்தான். டர்போசார்ஜருக்கென்று விற்கப்படும் கேமும் இதற்குப் பொருந்தும் என்று நினைப்பதும் சரியன்று. டர்போவில் சுழலிச் சக்கரம் எக்ஸாஸ்ட் பாதையில் தடையாக நிற்பதால் அங்கே அழுத்த நிலையே வேறு.

வால்வு ஸ்பிரிங்

செலவைப் பார்த்தால் ஸ்பிரிங் சிறிய பாகம். முதலில் கவனிக்க வேண்டியது அதுவே.

நிமிடத்துக்கு 6,600 சுழற்சியில் கேம்ஷாஃப்ட் அதில் பாதியாக 3,300 முறை சுழலும். அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 55 முறை திறந்து மூட வேண்டும். திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங் மட்டுமே. ஸ்பிரிங் பலவீனமானால் வால்வு கேமின் வடிவத்தைத் தொடராமல் பிரிந்துவிடும். இதை வால்வு மிதப்பு என்பர். இருக்கையில் வேகமாக மோதிப் பந்துபோல் துள்ளுவதும் உண்டு. வால்வின் நிலைமத்தால் எழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 6,000-இலிருந்து 7,000 சுழற்சிக்குப் போவது ஆறில் ஒரு பங்கு உயர்வுதான். விசையோ 36 சதவீதம் உயர்கிறது.

சூப்பர்சார்ஜர் இதில் மேலும் ஒரு சுமையைச் சேர்க்கிறது. மூடியிருக்கும் இன்லெட் வால்வின் பின்புறத்தை பூஸ்ட் அழுத்தம் திறக்கும் திசையில் தள்ளுகிறது. எல்எஸ்3, எல்எஸ்9 இரண்டிலும் இன்லெட் வால்வின் விட்டம் சுமார் 55 மி.மீ. அதன் பரப்பு ஏறக்குறைய 23.8 சதுர செ.மீ. 0.72 பார் அழுத்தம் அதன்மீது செலுத்தும் விசை சுமார் 17 கிலோ எடைக்குச் சமம். மூடிய நிலையில் ஸ்பிரிங் 40 கிலோ விசையுடன் வால்வைப் பிடித்திருப்பதாகக் கொண்டால், எக்ஸாஸ்ட் ஓட்டத்தின் பிற்பகுதியில், சிலிண்டரில் அழுத்தம் தணிந்திருக்கும்போது, உண்மையில் மிஞ்சுவது 23 கிலோதான்.

இந்தக் கணக்கை மிகைப்படுத்தவும் கூடாது. இன்லெட் வால்வு மூடும் தருணத்தில் சிலிண்டருக்குள்ளும் ஏறக்குறைய அதே அழுத்தம் நிரம்பியிருக்கும். ஆகவே 17 கிலோ முழுவதும் எப்போதும் எதிராக நிற்பதில்லை. இழந்த விசையை ஈடுசெய்யும் அளவுக்கு வலுவான ஸ்பிரிங் போதும். "வலுவானது நல்லது, மிக வலுவானது மிக நல்லது" என்று வாங்கினால் கேமின் முகடு தேயும், ராக்கர் தாங்கி தேயும், எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கி வால்வு முழு உயரம் திறக்காமலும் போகலாம்.

ஸ்பிரிங்கில் பல வடிவங்கள் உண்டு. மேலே குறுகியிருக்கும் தேன்கூடு வடிவ ஸ்பிரிங்கில் மேல் தட்டு சிறியதாகப் போதும். அசையும் எடை குறையும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள்கள் கொண்ட இரட்டை ஸ்பிரிங்கில் ஒன்று முறிந்தாலும் மற்றொன்று வால்வைக் கீழே விழவிடாமல் பிடித்திருக்கும். அதிக பூஸ்டில் ஓடும் காருக்கு இந்தக் காப்பு ஒன்றுக்காகவே இரட்டை ஸ்பிரிங்கைத் தேர்வது நியாயம். எந்த வகையானாலும், வால்வு முழுவதும் திறந்த நிலையில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் சுமார் 1.5 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். பொருத்தும் உயரத்தை ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியே அளந்து, மெல்லிய வட்டத் தகடுகளால் சமப்படுத்துவது பொறுமையான வேலை. இதைச் செய்யாமல் விட்டால் விலையுயர்ந்த ஸ்பிரிங் வாங்கியதில் பொருளில்லை.

வால்வும் வெப்பமும்

இன்லெட் வால்வைக் குளிர்ந்த காற்று அடிக்கடி குளிர்விக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் வெப்பத்தின் பெரும்பகுதி மூடியிருக்கும் வேளையில் இருக்கை வழியாகவும், மீதி தண்டைச் சுற்றியுள்ள கைடு வழியாகவும் வெளியேற வேண்டும்.

எல்எஸ்9-இல் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு உள்ளீடற்றது. உள்ளே சோடியம் இருக்கும். சோடியம் சுமார் 98 பாகை செல்சியசில் உருகிவிடும். வால்வு மேலும் கீழும் அசையும்போது திரவச் சோடியம் குலுங்கி, தலையிலுள்ள வெப்பத்தைத் தண்டுக்குக் கொண்டுசெல்கிறது. இது புதிய உத்தியன்று. 1920களில் சாம் ஹெரான் என்ற பொறியாளர் விமான எஞ்சின்களுக்காக உருவாக்கியது. இன்லெட் வால்வு டைட்டானியத்தால் ஆனது. எடை குறைவு என்பதே அதன் பயன். டைட்டானியம் விலை மிகுந்தது. தெருவில் ஓடும், 6,600 சுழற்சியைத் தாண்டாத காருக்கு நல்ல எஃகு இன்லெட் வால்வே போதும். அந்தப் பணத்தை வெப்பம் தாங்கும் நிக்கல் கலப்புலோகமான இன்கொனெல் எக்ஸாஸ்ட் வால்வுக்குச் செலவிடுவது மேல்.

புஷ்ராடும் ராக்கரும்

எரிதல் முடியும் கட்டத்தில், சிலிண்டரில் அழுத்தம் இன்னும் மிஞ்சியிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறக்க வேண்டும். பூஸ்ட் கூடினால் அந்த மிச்ச அழுத்தமும் கூடும். எல்எஸ்3-இன் எக்ஸாஸ்ட் வால்வு சுமார் 40 மி.மீ. விட்டமுடையது. ஒவ்வொரு 1 பார் மிச்ச அழுத்தத்துக்கும் அதன்மீது 13 கிலோ விசை விழும். ராக்கரின் நெம்பு விகிதம் 1.7 ஆதலால் புஷ்ராடில் அது 22 கிலோவாகிறது. மெல்லிய புஷ்ராடு இந்தச் சுமையில் வில்போல் வளைந்து நிமிரும். அப்போது கேம் சொல்வதொன்று, வால்வு செய்வதொன்றாகிவிடும். சுவர்த் தடிமன் 2 மி.மீ. உள்ள புஷ்ராடு வாங்குவது இச்சிக்கலை அதிகச் செலவின்றித் தீர்க்கும். புஷ்ராடு சற்றுக் கனமானாலும் கவலையில்லை. அது கேம் பக்கத்தில் மெதுவாக அசையும் பாகம்; அங்கே உறுதிதான் முக்கியம்.

இந்த எஞ்சின் குடும்பத்தின் ராக்கர் அச்சில் உள்ள ஊசி உருளைத் தாங்கிகளுக்குக் கூடு கிடையாது. வலுவான ஸ்பிரிங் போட்டபின் அந்த ஊசிகள் நழுவி எஞ்சினுக்குள் சிந்துவது அறியப்பட்ட குறை. ஸ்பிரிங்கை மாற்றும்போதே ராக்கரின் அச்சுத் தாங்கியையும் மாற்றிவிடுவது வழக்கம்.

பொருத்தும்போது

கேம் மாறினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளந்தே ஆகவேண்டும். இன்லெட் பக்கம் சுமார் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் சுமார் 2.5 மி.மீ. என்பது பொதுவாகக் கொள்ளப்படும் குறைந்தபட்ச அளவு. பிஸ்டன்மீது களிமண் வைத்து எஞ்சினைக் கையால் சுழற்றி, பதிந்த இடத்தின் தடிமனை அளக்கும் பழைய முறை இன்றும் நம்பகமானது.

குறைந்த பூஸ்டில், தொழிற்சாலைச் சுழற்சி வரம்புக்குள் ஓடும் எல்எஸ்3-க்கு ஸ்பிரிங், புஷ்ராடு, ராக்கர் தாங்கி ஆகிய மூன்றும் போதும். கேமை அப்படியே விடலாம். பூஸ்ட் மேலும் உயர்ந்தால் வால்வு அமைப்புக்கு முன் பிஸ்டனே வரம்பாகிவிடும். எல்எஸ்3-இன் அழுத்த விகிதம் 10.7, எல்எஸ்9-இல் அதை 9.1 ஆகக் குறைத்து, அடித்து உருவாக்கிய பிஸ்டன்களையும் போட்டார்கள். அந்த மாற்றம் இல்லாமல் பெரிய கேம் மட்டும் வாங்குவது வரிசை தவறிய செலவு.

புதிய கேம் பொருத்தியபின் பூஸ்ட் மானி முன்பைவிடக் குறைவாகக் காட்டுவதைக் கண்டு சிலர் கலங்குவர். சுழலி வகை சூப்பர்சார்ஜர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத்தான் தள்ளுகிறது. மானி காட்டுவது, அந்தக் காற்று எஞ்சினுக்குள் நுழைய முடியாமல் எவ்வளவு தேங்குகிறது என்பதை. வழி எளிதானால் தேக்கம் குறையும், மானியின் முள் இறங்கும், திறன் கூடியிருக்கும். ஓவர்லாப் மிகுந்த கேமாலும் முள் இறங்கக்கூடும் என்பதால் மானியை மட்டும் நம்பாமல், சக்கரத் திறனை அளக்கும் டைனோ மேடையில் கேம் மாற்றுமுன் ஒருமுறையும் மாற்றியபின் ஒருமுறையும் காரை ஓட்டி ஒப்பிட வேண்டும்.