பழைய சிறுநீரகத்தின் அதிகாரம்

சிறுநீரக மாற்று சிகிச்சை என்றால் கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை அதே இடத்தில் வைப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1975இல் டாக்டர் ஹுசேன் அவாங் மலேசியாவின் முதல் மாற்று சிகிச்சையைச் செய்து அரை நூற்றாண்டு ஆகியும் அந்த எண்ணம் மாறவில்லை. உண்மையில் புதியது அடிவயிற்றில் ஒரு பக்கம் பொருத்தப்படும். பழைய இரண்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுருங்கிக் கிடக்கும்.

புதியது நன்றாக வேலை செய்தும் ரத்தக் கொதிப்பு இறங்காவிட்டால் பழி உப்பின் மேல்தான் விழும். பாசிர் பெனம்பாங் மாதிரி மீனும் கருவாடும் மலிந்த ஊரில் கேட்கவே வேண்டாம். உப்புக்குப் பங்கு உண்டுதான். ஆனால் சுருங்கிக் கிடக்கும் அந்தப் பழையவற்றையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

தனக்கு வரும் ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். அதன் தூண்டலில் உருவாகும் ஆஞ்சியோடென்சின் ரத்தக் குழாய்களை இறுக்கும். அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனையும் வரவழைக்கும். அது உப்பை உடம்பிலேயே தேக்கிவைக்கும். நோயுற்ற சிறுநீரகம் சிறுநீர் பிரிப்பதை விட்டாலும் ரெனின் சுரப்பதை விடாது. வேலையிலிருந்து நின்ற கங்காணி விடிந்ததும் பெரட்டுக்கு வந்து ஆள் பிரிக்கிற கதைதான். ஒரு காலத்தில் இதற்காகவே பழையவற்றை அறுத்தெடுத்தார்கள். பிரேசில் நாட்டு விரியனின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த கேப்டோப்ரில் 1981இல் வந்த பிறகு, ஆஞ்சியோடென்சினை மாத்திரையாலேயே அடக்க முடிந்தது.

புதிய சிறுநீரகமும் ரெனின் சுரக்கும் இதே வேலையைச் செய்யும், அதற்குப் போகும் தமனி குறுகினால். நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கி, ரத்த அழுத்தம் ஏறுவதை 1934இல் காட்டியவர் அமெரிக்கர் ஹாரி கோல்ட்பிளாட். கேப்டோப்ரில் வகை மாத்திரை தொடங்கியதும் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு சட்டென்று ஏறினால், மருத்துவர்கள் இந்தக் குறுகலைச் சந்தேகித்து டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள்.

புதிய உறுப்பைக் காக்கும் மருந்துகளும் சும்மா இருப்பதில்லை. பிரெட்னிசோலோன் அட்ரினல் ஹார்மோனின் சாயலில் செய்யப்பட்டது; அதனால் அதுவும் உப்பைத் தேக்கும். டாக்ரோலிமஸ் ரத்தக் குழாயை இறுக்குவதோடு, சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதையும் குறைக்கும். கருவாட்டைத் தொடாதவருக்கும் உப்பு தேங்கும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், உடம்பு புதிய உறுப்பையே நிராகரித்துவிடலாம்.

பல மருந்து கொடுத்தும் அழுத்தம் அடங்காமல், பொட்டாசியமும் குறைந்திருந்தால், ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் ரத்தத்தில் அளந்து பார்ப்பார்கள். ரெனின் தாழ்ந்து ஆல்டோஸ்டிரோன் மட்டும் உயர்ந்திருந்தால் சந்தேகம் அட்ரினல் சுரப்பியின் மேல் போகும். கொதிப்பு மாத்திரைகள் பலவும் இந்த அளவுகளை மாற்றக்கூடியவை. எனவே பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோவது நல்லது.