கூத்தின் இன்னொரு குரல்

ஆரணிச் சீமை – 11

சென்ற வாரம் ஆரணியின் தறிக்கூடங்களில் இருந்தோம். இங்கே நெய்த சேலை எத்தனையோ கடைகளில் காஞ்சிப் பட்டாக விலைபோகிறது. நெய்தவர் பெயர் எந்த மடிப்பிலும் இல்லை. இந்த வாரம் சொல்லப்போகிற கலைஞரின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

சித்திரை பிறந்துவிட்டால் ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா. பிற்பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், இரவில் கூத்து. கூத்து நடக்கிற ஊரை இருட்டில் தேடிப் போகிறவருக்கு அரை மைல் தூரத்திலேயே வழிசொல்லிவிடும் ஒரு சின்னக் குழல் உண்டு. அதுதான் முகவீணை. அதை ஊதிப் பிழைக்கிறவரைப் பற்றியது இந்த அத்தியாயம்.

முகவீணை ஏறக்குறைய ஓர் அடி நீளம் இருக்கும். நாதஸ்வரத்தின் குடும்பம்தான். அதே மரக்குழல், அதே நாணல் சீவாளி, விரலுக்குத் துளைகள். குழல் குட்டை என்பதால் சுருதி மேலே நிற்கும். மைக் வராத காலத்தில் திறந்த வெளியில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி உச்சஸ்தாயியில் பாடிப் பழகிய கூத்துக்காரரின் தொண்டைக்கு, அதே உயரத்தில் நின்று துணைபோகக்கூடிய வாத்தியம் இது.

கூத்துக் களத்தில் வாத்தியக்காரர்களுக்கு இடம் பின்புறம். மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், ஓரமாக முகவீணை. வேடம் கட்டுகிறவர்கள் உள்ளே முகத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்போதே இவர்கள் களரி கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஊர் கூடுவதற்கு அதுதான் அழைப்பு. முகவீணைக்காரர் சீவாளியை நாக்கில் வைத்து ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை ஊதிப் பார்த்து, சரியில்லை என்றால் வேறொன்றை மாட்டுவார். இரவுக் குளிரிலும் விடியற்காலை ஈரத்திலும் நாணல் ஒரே மாதிரி இருக்காது. அதனால் மாற்றுச் சீவாளிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு அவர் செய்கிற வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் எடுக்கிறான். ஒரு அடி பாடி முடிக்கிறான். அந்த அடியை அப்படியே முகவீணை வாங்கி ஊதுகிறது. அந்த இடைவெளியில்தான் நடிகருக்கு மூச்சு. தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று மரத்தில் செய்த அணிகளைச் சுமந்துகொண்டு அவர் களத்தை வட்டமடிக்கும்போது பாட்டு அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்வதும் அந்தக் குழல்தான். அடுத்த அடியை எந்த இடத்தில் எடுப்பார், இன்றைக்குத் தொண்டை எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் பார்த்து ஊதவேண்டும். ஒரே பாட்டை ஒவ்வொரு நடிகரும் ஒவ்வொரு விதமாக இழுப்பார்கள். எழுதிவைத்த ஸ்வரம் கிடையாது. எல்லாம் காதில் விழுந்து மனசில் நின்றதுதான்.

துகில் உரிகிற இரவில் இந்த வாத்தியத்தைக் கேட்கவேண்டும். சபையில் நின்று திரௌபதி கதறும்போது பாடுகிறவர் குரல் உடைந்து நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து முகவீணை தொடரும். நம் ஊர்ப் பெண்கள் எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது குரல் இழுபடுமே, அந்த இழுப்பு அதில் அப்படியே வரும். முன்வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது அந்த இடத்தில்தான்.

பதினெட்டாம் போர் இரவு இன்னும் கடினம். விடிய விடிய ஊதிவிட்டு, வெயில் ஏறியபிறகு துரியோதனன் படுகளத்துக்கும் வந்தாகவேண்டும். மண்ணால் செய்த அந்தப் பெரிய உருவத்தைச் சுற்றி பீமனும் துரியோதனனும் ஓடி முடிக்கும்வரை அவருக்கு ஓய்வில்லை. தைக்குப் பிறகு தொடங்கி ஆடி வரைக்கும்தான் கூத்துக்காரர்களுக்கு நல்ல காலம். மற்ற மாதங்களில் பலருக்கு வயல் வேலை, கூலி வேலை.

முகவீணை ஒரு காலத்தில் கூத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கோயில்களிலும் அரண்மனைகளிலும் சதிர் ஆடிய சின்ன மேளத்தில், ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால் நின்று இதை ஊதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. பிறகு அது கச்சேரி மேடைக்கே ஏறியது. திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனி வாத்தியமாக வாசித்தார். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையே அவரைக் கிளாரினெட் எவரெஸ்ட் என்று பாராட்டினார். 2008-ல் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ. அந்தப் பெருமை அத்தனைக்கும் அவர் தகுதியானவர். ஐரோப்பாவிலிருந்து வந்த குழலுக்கு இவ்வளவு பெரிய வாழ்வு கொடுக்க முடிந்த நாம், அதற்கு இடம்விட்டு ஒதுங்கிய நம் குழலைக் கூத்துக் களத்தோடு விட்டுவிட்டோம். அங்கே அதைக் காப்பாற்றியவர்கள் நம் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்.

கூத்துக்கு மரியாதை வராமல் இல்லை. செய்யாற்றை அடுத்த புரிசையின் கண்ணப்ப தம்பிரான் வழியில் வந்த சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாரிஸின் தியேட்டர் து சொலேய் 2016-ல் அரங்கேற்றிய நாடகத்துக்குள் தெருக்கூத்துக் காட்சிகளைச் சேர்த்தது. நடிகர்களைப் பழக்கியவர் அவர்தான். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலின் முயற்சியில் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாயிற்று. 2002-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கி, பெண் பிள்ளைகளும் கூத்து கற்றார்கள். 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது பெரிய இழப்பு. இவ்வளவு நடந்தும் வெளிச்சம் விழுவது பெரும்பாலும் வேடம் கட்டுகிறவர்மேலும் ஜமா என்கிற கூத்துக் குழுவை நடத்துகிற வாத்தியார்மேலும்தான். ஓரத்தில் உட்கார்ந்து ஊதுகிறவரை யாரும் கேட்பதில்லை.

இப்போது கீபோர்டு வந்துகொண்டிருக்கிறது. நாடகக் கம்பெனிகள் வழியாக ஆர்மோனியம் கூத்துக்குள் வந்தபோது முகவீணையின் பக்கத்தில் உட்கார்ந்தது; அதை எழுப்பிவிடவில்லை. கீபோர்டு அப்படி இருக்காது என்று அஞ்சுகிறேன். கட்டைக்குக் கட்டை தாவுகிற வாத்தியத்தில் அந்த ஒப்பாரி இழுப்பு வராது. நல்ல முகவீணை இல்லாத கூத்தில் நடிகருக்கு மூச்சு வாங்க நேரமில்லாமல் போகும். பாட்டு குறையும், வசனம் கூடும்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தையில் கூத்துக்கு வெற்றிலை பாக்கு மாற்றும்போது, முகவீணை கட்டாயம் வேண்டும் என்று ஜமாவிடம் கேளுங்கள். அதற்கென்று ஒரு தொகையைத் தனியாகப் பேசுங்கள். ஒரு மைக்கை அவர் பக்கமும் வையுங்கள். வேடம் கட்டுகிறவர்களின் பெயர்களுக்குக் கீழே, முகவீணை என்று எழுதி, அவர் பெயரையும் நோட்டீசில் அச்சடியுங்கள்.