தராசில் தெரியாத கொழுப்பு

"ஆள் மெலிவுதானே, பிறகெப்படி நெஞ்சு வருத்தம் வந்தது?" மன்னாரின் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வங்காலையிலும் செத்தவீட்டு வாசலில் இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவது அரிது. போனவர் கடலுக்குப் போய் வலை இழுத்தவராக இருப்பார். கிளினிக் தராசில் அறுபது கிலோவைத் தாண்டாதவராக இருப்பார். சாரம் கட்டினால் மட்டும் வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். அந்தச் சின்ன வண்டியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

மிஞ்சிய சக்தியைச் சேர்த்துவைப்பது மட்டுமே கொழுப்பிழையத்தின் வேலை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1994இல் நியூயோர்க்கின் ரொக்கஃபெலர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டினைக் கண்டறிந்தபோது அந்த எண்ணம் உடைந்தது. கொழுப்புக் கலங்களே சுரந்து குருதியில் விடுகிற ஓமோன் அது. "சேமிப்புப் போதும், சாப்பாட்டை நிறுத்து" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அடிப்பொனெக்ரின் என்ற இன்னொன்று அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இதயத்தோடு தொடர்புபடுத்தி அதிகம் ஆராயப்பட்டவை இந்த இரண்டுமே.

முதலில் லெப்டின். உடலில் கொழுப்புக் கூடக்கூட லெப்டினும் கூடும். ஆனால் ஒரு கட்டத்தில் மூளை அதன் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடும், பசி அடங்காது. லெப்டினுக்கு இன்னொரு வேலையும் உண்டு: நரம்புகளைத் தூண்டி இரத்த அழுத்தத்தை ஏற்றுவது. பசியடக்கும் வேலை நின்றுபோன உடலிலும் இந்த வேலை நிற்பதில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சதாஃப் ஃபாரூக்கியும் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மரபணுக் குறையால் பிறவியிலேயே லெப்டின் இல்லாத சிலர் மிகக் கடுமையாகப் பருத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பருமனுக்கு எதிர்பார்க்கக்கூடிய பிறஷர் அவர்களிடம் இருக்கவில்லை. பருமனையும் பிறஷரையும் இணைக்கும் கண்ணிகளில் லெப்டின் முக்கியமானது என்று அதிலிருந்து தெரிந்தது. உப்பளமும் கருவாட்டு வாடிகளும் உள்ள மன்னாரில் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்தைத் தூண்டுகிற நரம்புகள் ஒருபக்கம், தட்டில் விழுகிற உப்பு மறுபக்கம்.

பிறஷர் ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால் இதயத்தின் அமைப்பே மாறும். உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ளுகிற இடது இதயவறையின் சுவர், சுமை தூக்கும் தசையைப் போலத் தடிக்கும். ஆண்களுக்கு ஆறு முதல் பத்து மில்லிமீற்றர், பெண்களுக்கு ஆறு முதல் ஒன்பது மில்லிமீற்றர் என்பது வழமையான தடிப்பு. அதைத் தாண்டிய சுவர் விறைத்துப்போகும். குருதியை வெளியே தள்ளுவதில் குறையிராது. தளர்ந்து உள்ளே நிரம்புவதில்தான் சிக்கல். அதனால் படி ஏறினால் மூச்சு வாங்கும், மாலையில் கால் வீங்கும். எக்கோ எனும் இதய ஸ்கான் அறிக்கையிலோ "பம்பிங் 60 வீதம், நன்று" என்று இருக்கும். பருமன், நீரிழிவு, பிறஷர் மூன்றும் சேர்ந்த நடுவயதுப் பெண்களிடம் இது அதிகம். "வயசாகுது, அதுதான் களைப்பு" என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதும் அவர்களையே.

பிறஷரின் வழியாக அல்லாமல் லெப்டின் நேரடியாகவே இதயத்தைத் தடிக்கவைக்குமா? இங்கே ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2003இல் கனடாவில் எலிக்குஞ்சுகளின் இதயக் கலங்களில் லெப்டினைச் சேர்த்தபோது அவை பெருத்தன. அதே ஆண்டு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லிலி பாரூச்சும் குழுவினரும் லெப்டினே இல்லாத சுண்டெலிகளின் இதயம் தடித்திருப்பதையும், லெப்டின் கொடுத்ததும் அந்தத் தடிப்புக் குறைந்ததையும் காட்டினார்கள். பல இனத்தவரையும் சேர்த்து 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய மெசா ஆய்வில், லெப்டின் கூடியவர்களின் இடது இதயவறைத் திணிவு குறைவாகவே காணப்பட்டது. எனவே லெப்டினை இதயத்தின் எதிரி என்று ஒரே வரியில் எழுதிவிடுகிற சுகாதாரக் குறிப்புகளை நம்ப வேண்டாம். சுரக்கும் அளவு, அதைக் கலங்கள் கேட்கின்றனவா என்பது, கூடவே பிறஷர் இருக்கிறதா என்பது எல்லாம் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன.

அடிப்பொனெக்ரின் எதிர்த்திசையில் போகும். வயிற்றுக்குள் கொழுப்புச் சேரச்சேர இது குறையும். 2004இல் பொஸ்ரனில் ரெய் ஷிபாட்டாவும் சகாக்களும் அடிப்பொனெக்ரின் அற்ற சுண்டெலிகளின் இதயத்துக்கு அழுத்தச் சுமை ஏற்றிப் பார்த்தார்கள். மற்றச் சுண்டெலிகளைவிட அவற்றின் இதயச் சுவர் மிக மோசமாகத் தடித்தது. அப்படியானால் இது கூட இருப்பவருக்கு நல்லதுதானே? டென்மார்க்கில் இதயச் செயலிழப்பு நோயாளர்களை அவதானித்து 2005இல் வெளியான ஆய்வில், அடிப்பொனெக்ரின் கூட இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். நோய் முற்றி உடல் உருகும்போதும், திணறும் இதயம் தானே சுரக்கும் ஓமோன்கள் கொழுப்பைத் தூண்டும்போதும் அடிப்பொனெக்ரின் ஏறுவது இதற்கான விளக்கங்களில் ஒன்று.

கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட முக்கியம். ஒசாக்காவில் யூஜி மட்சுசாவா சுமோ மல்லர்களை ஆராய்ந்தார். நாளொன்றுக்கு ஏழாயிரம் கலோரிக்கு மேல் சாப்பிடுகிற அந்த மலை போன்ற உடல்களில் கொழுப்பு பெரும்பாலும் தோலின் கீழேதான் இருந்தது, சீனி அளவும் கட்டுக்குள் இருந்தது. நம் உடல் இதற்கு நேர்மாறு. புனேயின் நீரிழிவு மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜோன் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற நிறைச்சுட்டெண் 22.3. யட்கினின் உடற்கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கினுடையது 21.2 வீதம். அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களைத் தொடரும் மசாலா ஆய்விலும் இதே கதை: மற்ற இனத்தவரோடு ஒப்பிட்டபோது தெற்காசியரின் ஈரலில் கொழுப்புக் கூட, குருதியில் அடிப்பொனெக்ரின் குறைவு.

கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிற உடலில் அது இதயத்தின் மேலும் சேரும். இதயத் தசைக்கும் அதன்மேல் படிகிற கொழுப்புக்கும் நடுவே தடுப்புச் சவ்வு எதுவும் இல்லை. இரண்டுக்கும் குருதி ஒரே முடியுரு நாடிகளிலிருந்தே வருகிறது. அந்தக் கொழுப்பு சுரப்பது எதுவானாலும் உடலைச் சுற்றி வராமல் நேரே தசைக்குள் இறங்கலாம். எக்கோவில் வலது இதயவறைக்கு முன்னால் தெரிகிற கறுத்த பட்டையாக அதை அளக்கவும் முடியும்.

இந்த உடல்வாகு கருவிலேயே தொடங்குகிறது. யாஜ்னிக் குழுவின் 2003 ஆய்வில் புனே கிராமக் குழந்தைகளின் சராசரிப் பிறப்புநிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்பும் குறைந்திருந்த புனேக் குழந்தைகளிடம் முதுகுத் தோலின் கீழ்க் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. தாய்க்குச் சாப்பாடு போதாத இடத்தில் பிள்ளை கொழுப்பைக் காத்துக்கொண்டு தசையை விட்டுக்கொடுக்கிறது. மன்னாரிலும் அப்படியொரு காலம் இருந்தது: யுத்தத்தில் இடம்பெயர்ந்தோருக்காக 1990இல் ஐ.நா. அகதிகள் நிறுவனம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. நிவாரண அரிசியை நம்பியிருந்த அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு இப்போது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசப் பரிசோதனை தொடங்குகிற வயதும் அதுவே. சிறுவயதில் வயிறு காய்ந்து, வளர்ந்தபின் வள்ளத்துக்கு எஞ்சினும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளும் காலையில் பாணும் மாலையில் ரோல்ஸும் வந்து சேர்ந்த தலைமுறை அது.

2005-06இல் நடந்த இலங்கையின் பெரிய நீரிழிவு-இதயநோய் ஆய்வு யுத்தத்தால் வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே கணக்கெடுத்தது. இருபது வயதைத் தாண்டியோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்றது. அதில் மன்னார் இல்லை. 2018-19இல் எடுத்த இன்னொரு கணிப்பில் அந்த எண்ணிக்கை 23 வீதம். எண்ணப்படாமல் போன ஆண்டுகளின் பாரம் இந்த மாவட்டத்தின் கிளினிக் வரிசையில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

லெப்டினையும் அடிப்பொனெக்ரினையும் தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்த எண்களை வைத்து எந்த வைத்தியரும் மருந்தை மாற்றப்போவதில்லை. தையல்காரரின் அளவுநாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். சாரத்தை வயிற்றுக்குக் கீழே கட்டுகிற ஆண்கள் அந்தக் கட்டில் அளந்தால் உண்மையான அளவு வராது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை. நிறைச்சுட்டெண்ணிலும் ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொல்லிவிட்டது. நடையும் உணவுக் குறைப்பும் தொடங்கினால் உள்வயிற்றுக் கொழுப்பே முந்திக் கரைகிறது. தராசு அசையாத வாரங்களிலும் நாடா இளகும்.

அளவு கூடி, பிறஷரும் இருந்து, படியேறினால் மூச்சும் வாங்கினால் எக்கோ செய்யும்படி வைத்தியரிடம் கேளுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் பம்பிங் வீதத்தோடு நிறுத்திவிடாமல், இடது இதயவறைச் சுவர் எத்தனை மில்லிமீற்றர், அது சரியாகத் தளர்கிறதா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.